கறுப்பின் அடியில்

"மேல கறுப்பு அடிச்சிரு, சரியாப் போயிரும்." வீட்டிலேயே முடிக்குச் சாயம் பூசி, அது நினைத்த நிறத்தில் வராமல் போகும்போது, மலேசியாவின் சிலாங்கூரில், சபாக் பெர்ணம் மாவட்டத்துச் சுங்கை பஞ்சாங் பக்கம் முதலில் எழும் சொல் இதுதான். சொல்பவர் அம்மாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அந்த அக்கறையில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அதற்குள் இருக்கும் அவசரம்தான் நெடுநாளாக என்னை உறுத்துகிறது. முடி இன்னும் காய்ந்திருக்காது. குளியலறைத் தரையில் செம்மஞ்சள் நீர் ஓடிக்கொண்டிருக்கும், தோளில் போட்ட பழைய துண்டு திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும், உச்சந்தலை காந்திக்கொண்டிருக்கும். அதற்குள் யாரோ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே போகும் நேர்ச்சாலையில் சுங்கை பெசாருக்குப் போய், கடை அடைப்பதற்குள் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்துவிடுவார். பூசிக்கொண்ட பெண் கண்ணாடியில் தன்னை முழுதாக ஒருமுறை பார்த்திருக்கக்கூட மாட்டாள். என்ன நிறம் வந்திருக்கிறது, எங்கே கூடுதல், எங்கே குறைவு, ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. எதை மறைக்கிறோம் என்று பார்ப்பதற்கு முன்பே மறைத்தாக வேண்டும் என்ற பதற்றம்.

முடியை வெளுக்க ப்ளீச் கலக்கும்போது எழும் அமோனியா வாடை ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்குப் பழக்கமானது. பால்மரக் காலத்தில் வெட்டிச் சேர்த்த பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா ஊற்றுவார்கள். உறையவேண்டிய நேரத்தில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். பால் ஸ்டோர் பக்கம் போனாலே கண் எரியும். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கத்துத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, ஆட்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்த வாடை இளையவர்களின் மூக்கில் இல்லை. அவர்களுக்கு அமோனியா என்றால் முடிச்சாயம். முடியில் அது செய்யும் வேலை எளிமையானது. முடி இழையின் மேல்தோல் செதில்செதிலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறது. காரத்தன்மை அந்தச் செதில்களைத் தூக்கி வழி திறக்கிறது. பாலை உறையவிடாமல் வைத்திருந்த அதே பொருள், இங்கே முடியை மூடவிடாமல் வைத்திருக்கிறது. அந்தத் திறப்பின் வழியாக ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போகிறது. 3, 6, 9, 12 விழுக்காடு என்று அதற்கு அளவுகள் உண்டு. சலூன்காரர்கள் 10, 20, 30, 40 வால்யூம் என்பார்கள். வீட்டில் பூசுபவர்களில் பலர் 12 விழுக்காட்டை எடுத்துவிடுகிறார்கள், கூடுதல் என்றால் நல்லது என்று நினைத்து. பெட்டியின் அட்டையில் சிரிக்கும் பெண்ணின் முடி சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். அந்த நிறம் யாருடைய முடியின்மேல் வந்தது என்று அட்டை சொல்வதில்லை.

இங்கேதான் நான் மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறேன். செம்மஞ்சள் நிறத்தைச் சாயம் கொண்டுவந்து ஒட்டிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். "சாயம் கெட்டுப்போச்சு, போலிச் சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். உண்மையில் அந்த நிறம் வெளியிலிருந்து வரவே இல்லை. நம் கறுப்பு முடிக்குள் கருநிறமி அடர்ந்திருக்கிறது. பெராக்சைடு அதை உடைக்கும்போது கறுப்பு ஒரே தாவலில் வெளுத்துவிடுவதில்லை. முதலில் செம்பழுப்பு, பிறகு செம்மை, பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்பக்கம் போன்ற வெளிர்மஞ்சள். இந்தப் படிகளைத் தாண்டாமல் எந்தக் கறுப்பு முடியும் வெளுத்ததில்லை. கருநிறமி உடைந்துகொண்டிருக்கும்போது, கூடவே இருக்கும் செந்நிறமி எளிதில் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. நாற்பது நிமிடத்தில் கழுவும்போது முடி எந்தப் படியில் நிற்கிறதோ அதுதான் கண்ணாடியில் தெரிகிறது. வேர்ப்பகுதி இன்னும் பளிச்சென்று எரியும். தலைத்தோலின் சூட்டில் வேதிவினை வேகமாக நடப்பதால் முதல் ஒரு சென்டிமீட்டர் முந்திக்கொள்கிறது. நுனி பின்தங்கிக் கருஞ்சிவப்பாகவே நிற்கிறது. ஆக, கெட்டுப்போன நிறம் என்று நாம் அலறுவது, பிறந்த நாளிலிருந்து நம் தலையில் இருந்த ஒன்று. கறுப்பு அதன்மேல் இருந்ததால் நாம் பார்த்ததில்லை.

கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக்குப் போனவர்கள் அங்கே கோட்டைச் சுவர்களைச் சுற்றித் திரியும் சாம்பல்நிற லுத்தோங் குரங்குகளைப் பார்த்திருப்பார்கள். பெரியவை கருஞ்சாம்பல். குட்டிகள் மட்டும் பிறக்கும்போது பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மங்கி, சாம்பல் ஏறி, மற்றவற்றோடு சேர்ந்துவிடும். ஆரஞ்சுக் குட்டியைத் தாய் மார்போடு அணைத்திருக்கும்போது சுற்றுலா வந்தவர்கள் ஓடிப்போய்ப் படம் எடுக்கிறார்கள். நம் ஆட்களும் குடும்பத்தோடு நின்று எடுக்கிறார்கள். அந்த நிறத்தின்மேல் நமக்கு வெறுப்பில்லை என்று அப்போது தெரிகிறது. நிறம் எந்தத் தலையில் இருக்கிறது என்பதில்தான் ஏதோ இருக்கிறது. தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த குடும்பத்தின் பதினேழு வயதுப் பையன் அதே நிறத்தோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றால் கேங்ஸ்டர் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. பெண்ணாக இருந்தால் முடிவு வேறு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; அவளுடைய அம்மாவைப் பார்க்கும் பார்வையில் சொல்லிவிடுகிறார்கள். 2016இல் பா. இரஞ்சித்தின் 'கபாலி' வந்தபோது, மலேசியத் தமிழனாக நரைத்த தாடியும் கோட்டுமாக ரஜினிகாந்த் நடந்துவந்ததைப் பார்த்துத் திரையரங்கில் விசில் பறந்தது. ஓர் ஆணின் நரைக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்தது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் நரைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் தீபாவளிக்கு முந்தின இரவு தூள் டையைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் வகிட்டில் தடவிக்கொள்கிறார். விடிந்ததும் எண்ணெய்க் குளியல். தலையணை உறையில் கறுப்புக் கறை.

கறுப்பை மேலே பூசினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இந்தப் பெண்களிடமிருந்து வந்தது. நரையின்மேல் கறுப்பு நன்றாகவே நிற்கிறது, பல ஆண்டு அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஆனால் வெளுக்கப்பட்ட முடி நரைத்த முடி அல்ல. அதன் செதில்கள் தூக்கி நிற்கின்றன, உள்ளே ஓட்டைகள் விழுந்திருக்கின்றன. கறுப்பைப் பூசியதும் அளவுக்கு மீறி உறிஞ்சி நீலம் பாரித்த கறுப்பாக மாறுகிறது. பத்து முறை தலைக்கு ஊற்றுவதற்குள் நுனிகளில் கசிந்து வெளியேறிச் சேற்றுப் பச்சை போன்ற ஒரு மங்கலை விட்டுப்போகிறது. மறுபடி கறுப்பு. அது போனால் மறுபடியும். இப்படி அடுக்கடுக்காக ஏறிய கறுப்பிலிருந்து வெளியே வருவது, முதலில் வந்த செம்மஞ்சளைச் சரிசெய்வதைவிடப் பலமடங்கு கடினம். வெளிர்ச் சாயம் ஒன்றைப் பூசினால் கறுப்புச் சாயம் இறங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். சாயம் சாயத்தை இறக்காது, சலூன்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த முதல் விதி அது. சாயத்தை நீக்கவென்றே விற்கும் மருந்துகள், உள்ளே பெரிதாகிப்போன சாய மூலக்கூறுகளைச் சுருக்கி வெளியே விடுகின்றன. நெடுநேரம் அலசாவிட்டால் மிச்சம் இருப்பது காற்றுப்பட்டு மீண்டும் கறுத்துவிடுகிறது. அவ்வளவும் செய்து அடியில் போய்ப் பார்த்தால் அங்கே அதே செம்மஞ்சள் காத்திருக்கிறது. எந்த நிறத்தைப் பார்த்து அன்றிரவு பயந்தார்களோ அதையேதான் மாதங்கள் கழித்து, இன்னும் நைந்த முடியோடு, திரும்பவும் சந்திக்கிறார்கள்.

உடம்புக்கு நேர்வதை நினைத்தால் எனக்கு இன்னும் கவலை. கறுப்புச் சாயங்களுக்கு உயிர்நாடி பாரா-ஃபீனிலீன்டையமின் என்ற பொருள், சுருக்கமாக பிபிடி. நிறமற்ற சிறு மூலக்கூறாக முடிக்குள் நுழைந்து, பெராக்சைடோடு வினைபுரிந்து பெரிதாகி, வெளியேற முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வதால்தான் நிறம் நிலைக்கிறது. நிறம் அடர அடர அதன் அளவும் பொதுவாகக் கூடும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2006க்கான ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும் கலவையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. யூஜின் ஷுல்லர் 1909இல் பாரிசில் தொடங்கி, பின்னாளில் லோரியால் ஆன நிறுவனத்தின் முதல் பெயரே தீங்கற்ற முடிச்சாயங்களின் பிரெஞ்சு நிறுவனம் என்பதுதான். வாங்குபவர்களின் பயம் அப்போதே அவ்வளவு இருந்திருக்கிறது. காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் தாள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் சிறு எழுத்தில் இருக்கிறது. தமிழில் நான் பார்த்ததில்லை. அவசரக் கறுப்பு என்ன செய்கிறது? ப்ளீச்சால் எரிந்து, சில இடங்களில் தோல் உரிந்து நிற்கும் தலைத்தோலின்மேல், பிபிடி மிகுந்த சாயத்தை, அதே இரவில், சோதித்துப் பார்க்காமல் பூசுகிறது. மறுநாள் கண்ணிமை வீங்கிக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "சாப்பாடு ஒத்துக்கல, றால் சாப்பிட்டேன்" என்றுதான் டாக்டரிடம் சொல்கிறார்கள்.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. அது எதிர்நிறத்தில் இருக்கிறது. செம்மஞ்சளுக்கு நீலம், மஞ்சளுக்கு ஊதா, செம்மைக்குப் பச்சை. நீல அடிநிறம் உள்ள சாம்பல்பழுப்புச் சாயத்தை, முடி இப்போது நிற்கும் அடர்த்திக்கே, அல்லது ஒரு படி அடர்வாக, 3 விழுக்காட்டுப் பெராக்சைடில் கலந்து பூசினால் செம்மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தணித்து ஒரு நல்ல பழுப்பாக நிற்கும். வேர் மட்டும் எரிந்தால் வேருக்கு மட்டும் போதும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பலர் வாங்குவது ஊதா ஷாம்பு; அது வெளிர்மஞ்சளுக்கு உரியது, செம்மஞ்சளை அது அசைக்காது. முடி மஞ்சளாக நிற்கும்போது நீலத்தைப் போட்டால் பச்சையாகிவிடும், அதன்பிறகு யாராவது தக்காளிச் சாற்றைத் தேய்க்கச் சொல்வார்கள். இதெல்லாம் தெரிந்துகொள்ளக் கடினமானவை அல்ல. கடினமானது, எந்தப் படியில் முடி நிற்கிறது என்று பகல் வெளிச்சத்தில், முற்றத்தில் நின்று, நிதானமாகப் பார்ப்பது. காதோரத்தில் உள்ளே மறைந்த ஒரு கற்றையில் மட்டும் பூசிச் சோதிப்பது. அதற்கும் முன்பு ஒன்றிரண்டு வாரம் எதுவும் செய்யாமல் இருப்பது. அந்த நாட்களில் செய்ய வேண்டியது தேங்காய் எண்ணெய் வைப்பதுதான். ரேலே, மொஹிலே என்ற இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டார்கள். சபாக் பெர்ணம் மாவட்டத்தில் தென்னைக்குக் குறைவில்லை. எண்ணெய் வைத்தால் ஆறவைக்கலாம் என்று சொல்லும் பாட்டிமார்களே கறுப்புக்கும் அவசரப்படுத்துவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

தண்ணீரையும் இதில் சேர்க்க வேண்டும். சுங்கை பஞ்சாங் வயல்களுக்கு நீர் வருவது வடக்கு சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காடுகள் வழியாக. கால்வாய்களில் ஓடுவது தேயிலைச் சாயம் கொண்ட நீர். இரும்பு கலந்த கிணற்று நீரில் வெளுத்த முடியை அலசினால் இரும்பு உள்ளே தங்கிச் செம்மையைக் கூட்டும். குழாய்த் தண்ணீர் இதற்குத் தேவலாம், வந்தால். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றுநீர் மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய் வறண்டது. பட்டியலில் கோலசிலாங்கூரும் இருந்தது. தலையில் கலவையோடு, வாளியில் பிடித்துவைத்த கொஞ்சநஞ்ச நீரை எப்படிப் பங்கிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, நேரம் பார்த்துக் கழுவ வேண்டும் என்ற அறிவுரை எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஆண்டு வீட்டுச் சாயத்துக்கே ஓர் ஆண்டு. மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரலில் முடிதிருத்தும் கடைகளைத் திறக்கலாம் என்று அனைத்துலக வாணிப, தொழில்துறை அமைச்சு அறிவித்தது. முடிதிருத்துநர் சங்கங்களே வேண்டாம் என்றன: ஒருவர் தலையைத் தொடாமல், ஒரு மீட்டர் தள்ளி நின்று இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஜூன் 10இல்தான் கடைகள் திறந்தன. தொடாமல் செய்ய முடியாத தொழில் என்பதை அவர்கள் தங்கள் வருமானத்துக்கு எதிராகச் சொன்னார்கள் என்பது என் மனதில் நின்றுவிட்டது. வீட்டில் தனியாகப் பூசிக்கொள்ளும்போது இல்லாமல் போவது அந்தக் கைதான். பின்தலையைப் பார்க்கும் இன்னொரு ஜோடிக் கண். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருங்க தங்கச்சி" என்று சொல்லும் ஒருவர்.

ரோமுக்கு அருகே நேப்பி என்ற ஊரில் ஒரு நிறுவனம் இருக்கிறது, கிரேட் லெங்த்ஸ் என்று பெயர். இந்தியக் கோயில்களில் காணிக்கையாக இறக்கப்பட்ட முடியை வாங்கி, ஐரோப்பியப் பெண்களுக்கு ஒட்டுமுடியாக மாற்றுகிறது. நம்முடைய அதே கறுப்பு முடி அங்கே பொன்னிறமாகிறது. பல நாட்கள் தொட்டிகளில் ஊறவைத்து, மெல்ல மெல்ல நிறமியை வெளியேற்றி, செதில்கள் சிதையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நிதானம் விலையில் தெரிகிறது. சுங்கை பஞ்சாங்கில் ஒரு குளியலறையில் நாற்பது நிமிடத்தில் அதையே செய்ய ஒரு பெண் முயல்கிறாள், இருபது வெள்ளிப் பெட்டியை வைத்துக்கொண்டு. அவளுக்கு ஆசை இருப்பதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. காணிக்கை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நிறம் கெட்டால் "தைப்பூசத்துக்கு பத்துமலையில இறக்கிரு" என்று சொல்வதை இங்கே அடிக்கடி கேட்கலாம். வேரோடு போய்விடும், குறையே இல்லாத சீரமைப்பு அது ஒன்றுதான். நேர்த்திக்கடன் வேறு, மறைப்பு வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. முருகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு ஊர்க்கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ளும் மொட்டையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பெண் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது அவள் மனதில் எது இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. குட்டையாக வெட்டிய பையனுக்குச் சில மாதத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். இடுப்புவரை பின்னல் போடும் பெண்ணுக்கு ஆறேழு ஆண்டு. ஆகவே காத்திரு என்ற சொல் இருவருக்கும் ஒன்றல்ல என்று தெரிந்துதான் சொல்கிறேன். என்னிடம் யாராவது கேட்டால், இன்றிரவு இரண்டாவது பெட்டியைத் திறக்காதே, அலசு, எண்ணெய் வை, தூங்கு, இரண்டு வாரம் கழித்துப் பழுப்புக்குப் போகலாம் என்பேன். இந்த அறிவுரையைச் சொல்ல முடியாத ஓர் இடம் இருக்கிறது. பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தில் பூசிப் பார்த்த படிவம் நான்கு மாணவிக்காகத் திங்கட்கிழமை காலையில் கட்டொழுங்கு ஆசிரியர் வாசலில் நிற்பார். முடிக்குச் சாயம் கூடாது என்பது பள்ளி விதி, தவறான விதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு இரவு அவளுடைய எரிந்த தலைத்தோலின்மேல் கறுப்பைப் பூச வைப்பது அந்தத் திங்கட்கிழமைதான். அவளை அழைத்து, தலைத்தோல் ஆறட்டும், மாத முடிவுக்குள் சரிசெய்துகொண்டு வா என்று ஓர் ஆசிரியர் சொன்னால் விதி எதுவும் உடைந்துவிடாது. சில ஆசிரியர்கள் ஏற்கெனவே அப்படிச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்களும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.